காட்டுயிர்கள் ஏற்கும் கதிர்வீச்சை மதிப்பிடும் முறை

1986-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 26-ந் தேதி பின்னிரவில், அக்காலத்தில் சோவியத் யூனியனைச் சேர்ந்திருந்த உக்ரேன் தேசத்தில், செர்னோபில் அணு மின்சார நிலையத்தின் நான்காவது உலை வெடித்துத் தீப்பற்றியது. அதினின்று எழுந்த தூசி மிகுதியாகப் படிந்த இடங்களுள் ஒன்று நிலையத்திற்கு மேற்கே அருகிலிருந்த பைன் மரக் காடு. சில வாரங்களுக்குள் அம்மரங்களின் ஊசியிலைகள் பச்சை மாறிச் செங்காவி நிறங் கொண்டன. மரங்கள் நின்றபடியே மடிந்தன. இவ்விதம் பைன்கள் முற்றும் அழிந்த பரப்பு சுமார் 4.4 சதுர கிலோமீட்டர், அதாவது ஆயிரத்துச் சொச்சம் ஏக்கர். இன்றும் அவ்விடத்தைச் ‘செங்காடு’ என்றே அழைக்கிறார்கள். பைன்களுக்கு இடையிடையே நின்ற பிர்ச் மரங்களோ பெரும்பாலும் பிழைத்துக் கொண்டன.

மடிந்த பைன்கள் ஏற்ற கதிர்வீச்சு 80 முதல் 100 கிரே வரை என்றும், அதற்கு வெளியே சற்று அப்பாலிருந்து பாதி உயிரோடு தப்பியவை ஏற்றது 10 முதல் 20 கிரே வரை என்றும் நூல்களில் எழுதப்பட்டிருக்கிறது. இதைப் படிப்பவர் எவருக்கும் ஒரு கேள்வி எழுவது நியாயமே. மரங்களில் எவரும் முன்கூட்டி அளவு கருவி கட்டி வைத்திருக்கவில்லை. காட்டிலே திரிந்த மானும், வளையிலே கிடந்த எலியும், மண்ணுக்குள் நெளிந்த புழுவும் எவ்வளவு கதிர்வீச்சை ஏற்றன என்பதை யார் எப்படிக் கண்டறிந்தார்கள்? அந்த மதிப்பை எவ்வளவு தூரம் நம்பலாம்? கதிர்வீச்சினால் விளைந்த தீங்கைப் பற்றிய ஒவ்வொரு வாதமும் இம்மதிப்பின் மேல்தான் நிற்கிறது. ஆகையால் இதனைச் சற்று விரிவாக ஆராய்வது பயனுள்ளதாகும்.

இத்துறை மிகவும் இளையது. மனிதரைக் காப்பதற்கு வேண்டிய கட்டுப்பாடுகள் சரியாக இருக்குமானால், ஏனைய ஜீவராசிகளுக்கும் அதுவே போதும் என்பதே சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் கமிஷனின் நெடுநாளைய கொள்கை. 1977-ஆம் வருஷத்திய சிபார்சிலும், 1990-ஆம் வருஷத்திய சிபார்சிலும் அக்கொள்கையே காணப்படுகிறது. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது சரியென்றே தோன்றும். ஆனால் செர்னோபிலில் நடந்தது வேறு. நிலையத்தைச் சுற்றியிருந்த சுமார் 1,16,000 பேரை அவ்வருஷமே அப்புறப்படுத்தி விட்டார்கள். மரமும் மானும் அங்கேயே இருந்தன. மனிதர் குடியில்லாத இடத்தில் மனிதருக்கான கட்டுப்பாடு எந்தப் பிராணியைக் காக்கும்? ஆகவே 2007-ஆம் வருஷத்திய சிபார்சில் கமிஷன் சுற்றுச்சூழலின் பாதுகாப்பைத் தனியே எடுத்துப் பேசிற்று. மறு வருஷம் மான், எலி, வாத்து, தவளை, டிரௌட் மீன், தட்டை மீன், தேனீ, நண்டு, மண்புழு, பைன் மரம், காட்டுப் புல், பழுப்புக் கடற்பாசி என்னும் பன்னிரண்டை மாதிரி உயிர்களாகக் கொண்டு, ஒவ்வொன்றுக்கும் கணக்கிடும் முறையை வெளியிட்டது.

இரண்டு அளவைகள்

இக்கணக்கில் புழங்கும் அளவைகள் இரண்டு. ஒன்று பெக்கெரல், ஒரு விநாடியில் ஓர் அணுக்கரு சிதைவதே ஒரு பெக்கெரல். ஒரு கிலோ மண்ணில் இத்தனை பெக்கெரல் என்றால், அந்த மண்ணில் விநாடிதோறும் அத்தனை அணுக்கள் சிதைகின்றன என்று பொருள். மற்றொன்று கிரே, ஒரு கிலோ உடலில் ஒரு ஜூல் சக்தி தங்குமானால் அது ஒரு கிரே. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிகிரே. பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோகிரே. மதகில் திறந்துவிட்ட தண்ணீர் வேறு, பயிரின் வேருக்கு எட்டிய தண்ணீர் வேறு என்பதை நம் விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெக்கெரல் மதகுத் தண்ணீர். கிரே வேருக்கு எட்டியது. பத்திரிகைகளில் அடிக்கடி காணும் சீவெர்ட் என்னும் அளவை மனித உடலுக்கு ஏற்பட்டது. அதனை ஓணானுக்கும் ஆலமரத்துக்கும் பொருத்திச் சொல்வது முறையன்று.

கதிர்களிலும் பேதமுண்டு. ஆல்பாக் கதிர் தோலின் கனத்தையும் தாண்டாது. ஆனால் உட்கொண்டால் சென்ற சிறு தூரத்திலேயே முழுச் சக்தியையும் கொட்டிவிடும். அதனால் கணக்கிடுவோர் அதனைப் பத்து மடங்காகப் பெருக்கி எடுத்துக் கொள்வது வழக்கம். பீட்டாக் கதிர் சதையில் சில மில்லிமீட்டர் செல்லும். காமாக் கதிர் உடலை ஊடுருவி வெளியே போய்விடவும் கூடும். ஆகவே ஒரே பொருள் தேனீக்கு ஒரு விதமாகவும் மானுக்கு வேறு விதமாகவும் சக்தியைக் கொடுக்கிறது. வெளியிலிருந்து வரும் பீட்டாக் கதிர் மானின் தோலிலும் மயிரிலும் நின்றுவிடும். தளிரின் மொட்டையோ சிறு பூச்சியையோ அது முழுவதும் ஊடுருவும்.

கணக்கின் படிகள்

முதலில் மண்ணை எடுத்துச் சோதித்து, அதில் எந்தக் கதிரியக்கப் பொருள் எத்தனை பெக்கெரல் என்று காண்கிறார்கள். செர்னோபிலைப் பொறுத்தவரை இப்பொழுது முக்கியமானவை சீஸியம்-137, ஸ்டிரான்ஷியம்-90 என்ற இரண்டு. இவை ஒவ்வொன்றும் பாதியாகக் குறைவதற்கு ஏறக்குறைய முப்பது வருஷம் ஆகும். அடுத்து, மண்ணில் உள்ளதில் எந்த விகிதம் பிராணியின் உடலில் சேருகிறது என்பதை, முன்னர்ப் பல இடங்களில் பிடித்துச் சோதித்த அதே இனத்துப் பிராணிகளின் கணக்கைக் கொண்டு மதிப்பிடுகிறார்கள். இதற்குச் செறிவு விகிதம் என்று பெயர்.

பின்பு உடலின் உருவம். எலியின் காலையும் வாலையும் காதையும் கணக்கில் கொண்டுவருவது இயலாத காரியம். எனவே அதனை முட்டை போன்ற நீள் உருண்டையாகப் பாவிக்கிறார்கள். கமிஷனின் மாதிரி எலி 20 சென்டிமீட்டர் நீளமும், 6 அகலமும், 5 உயரமும் உள்ளது. எடை 314 கிராம். மாதிரி மான் 130 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் குறுக்களவும் கொண்டு 245 கிலோ எடையுள்ளது. தேனீ அரைக் கிராமுக்குச் சற்று அதிகம். அவ்வுருண்டைக்குள் பிறந்த கதிரில் எவ்வளவு உள்ளே தங்கும், வெளியிலிருந்து எவ்வளவு புகும் என்பதைக் கணிப்பொறியில் லட்சக்கணக்கான கதிர்களை ஓட்டிப் பார்த்து அட்டவணையாக்கி வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய நாடுகள் கூடி 2004 முதல் 2007 வரை உழைத்து அமைத்த எரிக்கா என்னும் கணக்குக் கருவி இவ்விதமானதே.

உதாரணமாக ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். ஓரிடத்தில் ஒரு கிலோ மண்ணில் சீஸியம்-137 பத்தாயிரம் பெக்கெரல் இருப்பதாகவும், அங்கு வாழும் எலியின் உடலிலும் கிலோவுக்கு அதே பத்தாயிரம் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். உடலுக்குள் இருக்கும் சீஸியத்தின் பீட்டாக் கதிர் ஏறக்குறைய முழுவதும் எலிக்குள்ளேயே தங்கும்; காமாக் கதிரில் பெரும்பகுதி வெளியே போய்விடும். இவ்வகையில் எலி ஏற்பது மணிக்குச் சுமார் ஒன்றரை மைக்ரோகிரே. இனி வெளியிலிருந்து வருவது. வளைக்குள் கிடக்கும்போது நாற்புறமும் மண். மணிக்கு மூன்று மைக்ரோகிரேக்குச் சற்று அதிகமாகும். தரைமேல் வந்தால் கீழிருந்து மட்டுமே வருவதால் அதில் பாதி. நாளில் பாதி வளையிலும் பாதி வெளியிலுமாகக் கழிக்குமாயின், ஆகமொத்தம் மணிக்கு ஏறக்குறைய நான்கு மைக்ரோகிரே. வருஷத்துக்கு 35 மில்லிகிரே.

இக்கணக்கில் எத்தனை ‘வைத்துக்கொள்வோம்’ இருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். செறிவு விகிதம் ஒன்று என்பதற்குப் பதிலாகப் பத்து என்றால், உள்ளிருந்து வருவது மட்டுமே மணிக்குப் பதினைந்து மைக்ரோகிரே ஆகிவிடும். பத்தில் ஒன்று என்றால் அது ஒரு பொருட்டாகவே இராது. ஓர் இனத்துக்குள்ளேயே இவ்விகிதம் இடத்துக்கு இடம் நூறு மடங்கு மாறுவதும் உண்டு.

மண்ணும் தீனியும்

மாறுவதற்குக் காரணம் விவசாயிகளுக்குப் புதியதன்று. சீஸியம் சாம்பல் சத்தைப் போன்றது. ஸ்டிரான்ஷியம் சுண்ணாம்புச் சத்தைப் போன்றது. வேர் சாம்பல் சத்தைத் தேடி உறிஞ்சும்போது, அதோடு சீஸியத்தையும் உறிஞ்சிக் கொள்கிறது. சாம்பல் சத்து நிறைந்த களிமண் நிலத்தில் பயிருக்குச் சீஸியம் அதிகம் கிடைப்பதில்லை. களியின் மெல்லிய அடுக்குகளும் அதனைச் சிறைப்பிடித்து வைத்துக் கொள்கின்றன. மணல் நிலத்திலும், மட்கிய தழை மிகுந்த கரிச் சதுப்பு நிலத்திலும் அது தாராளமாக ஏறும். செர்னோபிலுக்குப் பின் உக்ரேனிலும் பெலாருஸிலும் வயல்களுக்குப் பொட்டாஷ் உரத்தையும் சுண்ணாம்பையும் மிகுதியாக இட்டதன் காரணம் இதுவே. காட்டுக்கு எவர் உரமிடுவார்? ஆகவே மண்ணில் ஒரே அளவு சீஸியம் படிந்திருந்தாலும், வயலோரத்து முயலும் காட்டுச் சதுப்பு நிலத்து முயலும் ஏற்பது ஒன்றாக இருப்பதில்லை.

தீனியின் வேற்றுமை இதனினும் பெரிது. ஜெர்மனியின் பவேரியா மாகாணத்துக் காடுகளில் செர்னோபில் தூசி மழையோடு படிந்தது. காலம் செல்லச் செல்ல அங்குள்ள மான்களின் இறைச்சியில் சீஸியம் குறைந்துகொண்டே வந்தது. அதே காட்டில் உள்ள காட்டுப் பன்றிகளின் இறைச்சியிலோ முப்பது வருஷத்துக்குப் பின்னும் எதிர்பார்த்தபடி குறையவில்லை. கிலோவுக்கு 600 பெக்கெரல் என்ற விற்பனை வரம்பைத் தாண்டிய பன்றிகள் இன்னும் அகப்படுகின்றன. மான் தழை மேய்கிறது. பன்றியோ மண்ணைக் கிளறி, தரைக்கு அடியில் விளையும் ஒருவகைக் காளானைத் தின்கிறது. அக்காளான் சீஸியத்தை அபாரமாகச் சேர்த்து வைப்பது. மேலே படிந்த சீஸியம் மெல்ல மெல்ல இறங்கி அதன் ஆழத்தை எட்டுகிறது. 2023-ஆம் வருஷம் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அப்பன்றிகளின் உடலிலுள்ள சீஸியத்தில் கணிசமான பங்கு செர்னோபிலினின்று வந்ததே அன்று, 1950-களிலும் 60-களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளின் எச்சம் என்று கண்டார்கள். சீஸியம்-135, சீஸியம்-137 ஆகிய இரண்டின் விகிதம் உலைக்கு ஒரு விதமாகவும் குண்டுக்கு வேறு விதமாகவும் இருப்பதால் இதனைப் பிரித்தறிய முடிந்தது. மேல் மண்ணைச் சோதித்து, காட்டுப் பிராணிகளின் சராசரி விகிதத்தால் பெருக்கியவர் எவரும் அப்பன்றியின் உண்மை நிலையைக் கண்டிருக்க மாட்டார்.

பருவமும் உண்டு. அதே மான் இலையுதிர்காலத்தில் காளானைத் தின்னத் தொடங்கினால், சில வாரங்களில் அதன் உடற் சீஸியம் ஏறிவிடும். நார்வே நாட்டுக் கலைமான்கள் கோடையில் புல்லும் தழையும் மேய்கின்றன. குளிர்காலத்தில் பாறையிலும் தரையிலும் படரும் லைக்கன் என்னும் கற்பாசியே அவற்றின் ஆகாரம். அப்பாசிக்கு வேரில்லை, காற்றிலும் மழையிலும் வருவதையே உண்டு வாழ்வதாகையால், வானிலிருந்து விழுந்தது முழுவதையும் பிடித்து வைத்துக் கொண்டது. எந்த மாதத்தில் பிடித்துச் சோதித்த மான் என்று குறிக்காத கணக்கு அரைக் கணக்கே.

பிராணியின் கழுத்திலேயே கருவி

பயிர் மகசூலைக் கண்மதிப்பால் எழுதுவதற்கும், வயலில் ஐந்து மீட்டர் சதுரம் கயிறு பிடித்து அறுத்து நிறுத்துப் பார்ப்பதற்கும் உள்ள வேற்றுமையை கிராம அதிகாரிகள் நன்கு அறிவார்கள். இத்துறையிலும் நிறுத்துப் பார்க்கும் வழி ஒன்று உண்டு. லித்தியம் புளோரைடு போன்ற சில படிகங்கள் தம்மேல் விழுந்த கதிர்வீச்சின் சக்தியைச் சேமித்து வைத்திருந்து, சூடேற்றினால் ஒளியாக வெளியிடும். ஒளியின் அளவைக் கொண்டு ஏற்ற கதிர்வீச்சைச் சொல்லிவிடலாம். அரிசிமணி போன்ற அச்சிறு படிகத்தைக் கழுத்துப் பட்டையில் கோத்து எலிகளுக்குக் கட்டிவிட்டு, சில வாரங்கழித்து மறுபடி பிடித்துப் பார்ப்பது ஒரு முறை. செர்னோபில் காடுகளில் மூன்று இடங்களில் இவ்விதம் சோதித்து, எரிக்காக் கருவியின் கணக்கோடு ஒப்பிட்டு 2008-ல் வெளியிட்டார்கள். வெளிக்கதிரைப் பொறுத்தமட்டில் சராசரிக் கணக்கு ஏறக்குறைய ஒத்தே வந்தது. சிறு வளையும் சிறு மேய்ச்சல் பரப்பும் உள்ள எலிக்கு இது பொருந்துவதில் வியப்பில்லை.

பெரும் பிராணிகளின் விஷயம் அப்படியன்று. பெலாருஸ் பக்கத்துக் காட்டில் எட்டு ஓநாய்களுக்கு, இருக்கும் இடத்தையும் அவ்விடத்துக் கதிர்வீச்சையும் ஒருங்கே குறித்துக்கொள்ளும் பட்டைகளைக் கட்டி விட்டார்கள். 2019-ல் வெளியான அதன் முடிவு சிந்திக்கத்தக்கது. காட்டின் சராசரி மாசை எடுத்து, ஓநாய் அதில் சரிசமமாகத் திரிகிறது என்று கொள்வதே அதுவரை வழக்கமாயிருந்தது. உண்மையில் ஒவ்வோர் ஓநாயும் தனக்குரிய வழியில் சென்றது; ஒரே ஓநாய்க்கும் நாளுக்கு நாள் அளவு மாறிற்று. சராசரிக் கணக்கு எந்த ஓநாயையும் சரியாகக் குறிக்கவில்லை. நார்வேயில் கலைமான்களுக்கும், 2011-ஆம் வருஷ விபத்துக்குப் பின் ஜப்பானின் புகுஷிமாவில் பாம்புகளுக்கும்கூட இத்தகைய கருவிகளைப் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். பாம்புக்குப் பட்டை கட்டக் கழுத்து எங்கே என்று வாசகர் கேட்கலாம். உடலின் மேல் ஒட்டிவிடுகிறார்கள்.

இக்கருவிகள் வெளியிலிருந்து வருவதை மட்டுமே பெரும்பாலும் காட்டும். உடலுக்குள் இருப்பதை அறிய, பிராணியை உயிரோடு ஈயப் பெட்டிக்குள் வைத்து எண்ணும் கருவிகள் உண்டு. நாள்பட்ட கணக்குக்குப் பல்லின் எனாமல் உதவும். கதிர்வீச்சு அதில் பதித்த தழும்பு அழிவதில்லை. புகுஷிமா மாடுகளின் பற்களையும் குரங்குகளின் பற்களையும் இவ்விதம் சோதித்திருக்கிறார்கள்.

செங்காட்டின் கணக்கு

இனிப் பைன் மரத்துக்கு வருவோம். அம்மரங்கள் ஏற்ற அளவை, அன்று கிடைத்த சில கருவிகளின் குறிப்பைக் கொண்டும், மண்ணிலும் ஊசியிலைகளிலும் எஞ்சியிருந்த பொருள்களைப் பிரித்தறிந்து, சீக்கிரம் மறைந்து போனவை முதல் நாட்களில் எவ்வளவு இருந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டுமே மதிப்பிட வேண்டியிருந்தது. இவ்வாறு கணக்கிட்டதில், செர்னோபிலைச் சுற்றித் தாவரங்களும் பிராணிகளும் ஏற்ற மொத்தத்தில் சுமார் 80 சதவிகிதம் முதல் மூன்று மாதங்களிலேயே ஏற்கப்பட்டது என்றும், அதில் 95 சதவிகிதத்துக்கு மேல் பீட்டாக் கதிர் என்றும் தெரிந்தது. ஒரு வருஷங்கழித்துக் காமாக் கருவியை ஏந்திக் காட்டுக்குள் நடந்தவர் கண்டது மிகச் சொற்பப் பகுதியே. தூசி ஊசியிலைமேல் ஒட்டியிருந்தது. வளரும் மொட்டுகள் அதனடியில் இருந்தன. பீட்டாக் கதிருக்கு அந்தத் தூரம் போதும். பைன் இலை வருஷந்தோறும் உதிர்வதன்று, ஆகவே தூசியும் நீங்கவில்லை. பிர்ச் மரத்துக்கு அது இலை விடும் பருவம். கதிர்வீச்சைத் தாங்கும் வலிமையும் அதற்கு இயல்பிலேயே மிகுதி.

பைன் இனம் கதிர்வீச்சுக்கு எளிதில் இரையாகும் என்பது அதற்குக் கால் நூற்றாண்டு முன்னரே தெரிந்த செய்தி. அமெரிக்காவில் லாங் தீவில் உள்ள புரூக்ஹேவன் ஆராய்ச்சிச் சாலையார் 1961 முதல் ஒரு காட்டின் நடுவில் சீஸியம்-137 கட்டியை நிறுத்தி என்ன நேர்கிறதென்று பார்த்தார்கள். முதலில் பட்டவை பைன்கள், பின்பு ஓக் மரங்கள், பின்பு குறுஞ்செடிகள். கட்டிக்கு மிக அருகில் நிலைத்து நின்றது கோரை இனத்துப் புல் ஒன்று.

செர்னோபிலில் மண்ணுயிர்களின் கதையும் விவசாயிகளுக்குச் சுவையானது. நிலையத்துக்குச் சில கிலோமீட்டருக்குள் காட்டுத் தரையின் சருகுக்குள் வாழ்ந்த சிறு பூச்சிகளும் புழுக்களும் 1986 ஜூலையில் முப்பதில் ஒரு பங்காகக் குறைந்திருந்தன. அவை ஏற்றது சுமார் 30 கிரே. அதே சுற்றில் இருந்த உழுத நிலத்து மண்ணுயிர்களுக்கு அவ்வளவு கொடிய அழிவு நேரவில்லை. தூசி சருகின் மேலேயே கிடந்தது. வயல் மண்ணுக்குள் இருந்தவற்றுக்கோ இரண்டொரு அங்குல மண்ணே பீட்டாக் கதிரைத் தடுக்கும் கவசமாயிற்று. மண்ணின் மேற்பரப்பை மட்டும் அளந்து இரு இடத்துப் புழுக்களுக்கும் ஒரே கணக்கு எழுதியிருந்தால், இவ்வேற்றுமை விளங்கியிராது. சருகுப் பூச்சிகளும் இரண்டரை வருஷத்தில் ஏறக்குறையப் பழைய நிலைக்கு வந்துவிட்டன.

உறுப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடல் முழுதுக்கும் சராசரியாகப் பார்த்தால் சிறிதாகத் தோன்றுவது ஓர் உறுப்புக்குப் பெரிதாகலாம். அயோடின்-131 எட்டு நாளில் பாதியாவது. ஆனால் அது கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியில் போய்ச் சேரும். உடனே அப்புறப்படுத்தாமல் செர்னோபில் அருகே விடப்பட்ட பசுக்கள் அந்த அயோடின் படிந்த புல்லை மேய்ந்து, சுரப்பி கெட்டுப் போயின. அவற்றின் முழு உடற் கணக்கைப் பார்த்து இதனை ஊகிக்க முடியாது.

கணக்கும் வழக்கும்

இத்தனை நுணுக்கமும் எதற்கு என்றால், இன்று செர்னோபில் காடுகளைப் பற்றி விஞ்ஞானிகளிடையே ஒரு வழக்கு நடக்கிறது. சிலர் அங்குப் பறவைகளும் பூச்சிகளும் வெகுவாகக் குறைந்துவிட்டன, மிகக் குறைந்த கதிர்வீச்சும் தீங்கு செய்கிறது என்கிறார்கள். வேறு சிலர் 2015-ல் வெளியிட்ட கணக்கில், பெலாருஸ் பக்கத்தில் மான், பன்றி முதலியவை மாசற்ற நான்கு காப்புக் காடுகளில் உள்ள அளவே இருக்கின்றன, ஓநாய்களோ அங்குள்ளதைப்போல் ஏழு மடங்குக்கு மேல் இருக்கின்றன என்றார்கள். மனிதரும் வேட்டையும் நீங்கியதால் விலங்குகள் பெருகியிருக்கலாம் என்பதையும் மறக்கலாகாது. எண்ணிக்கை பெருகியிருக்கிறது என்பது ஒவ்வோர் உயிரும் சுகமாயிருக்கிறது என்பதற்குச் சாட்சியும் ஆகாது.

இவ்வழக்கு தீராமல் இழுபடுவதற்கு ஒரு முக்கிய காரணம், பல ஆராய்ச்சிகளில் கையில் பிடித்த கருவி அவ்விடத்துக் காற்றில் காட்டிய எண்ணையே பறவை ஏற்ற அளவாக எழுதிவிட்டதுதான். அவ்வெண் மனிதருக்குரிய சீவெர்டில் இருக்கும். கூட்டின் உயரம், இரை, உடலுக்குள் சேர்ந்த ஸ்டிரான்ஷியம் ஒன்றும் அதில் அடங்கா. காற்றில் கண்ட எண்ணைவிடப் பறவை பன்மடங்கு அதிகமாக ஏற்றிருந்தால், ‘மிகக் குறைந்த கதிர்வீச்சும் கொல்லும்’ என்ற முடிவு தவறாகிவிடும். குறைவாக ஏற்றிருந்தால் அம்முடிவு இன்னும் வலுப்பெறும். புகுஷிமாவில் 57 இனப் பறவைகளுக்கு உள்ளும் புறமும் ஏற்ற அளவைத் தனித்தனியே கணக்கிட்டு 2015-ல் ஒரு குழுவினர் வெளியிட்டார்கள். அவ்விதம் திருத்திக் கணக்கிட்டபின், பறவைகளின் குறைவு ஆராய்ச்சிச் சாலைகளில் முன்பே கண்ட அனுபவத்தோடு பெரிதும் முரண்படவில்லை. எனது அபிப்பிராயத்தில் எந்தப் பக்கத்தாரின் கூற்றையும் படிக்கும்போது, ‘எவ்வளவு ஏற்றது, எப்படி அளந்தீர்கள்’ என்ற கேள்வியை முதலில் கேட்டுக்கொள்வது நலம்.

வரம்புகளையும் இந்நோக்கோடு படிக்க வேண்டும். எரிக்காக் கருவியில் மணிக்கு 10 மைக்ரோகிரே என்று ஒரு வரம்பு இருக்கிறது. அதைத் தாண்டினால் பிராணி மடியும் என்று பொருளன்று. அதற்குக் கீழே இருந்தால் மேற்கொண்டு ஆராயத் தேவையில்லை, மேலே இருந்தால் இடத்துக்குச் சென்று நன்றாக ஆராய வேண்டும் என்பதே பொருள். கமிஷனின் அட்டவணையில் மான், எலி, வாத்து, பைன் ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு 0.1 முதல் 1 மில்லிகிரே வரையும், தவளை, மீன், புல் முதலியவற்றுக்கு 1 முதல் 10 வரையும், தேனீ, நண்டு, மண்புழு இவற்றுக்கு 10 முதல் 100 வரையும் கவனிப்புக்குரிய எல்லையாகக் குறித்திருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் கன்னியாகுமரி ஜில்லாவின் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் தோரியம் அடங்கிய மோனசைட் மணல் இயற்கையாகவே கிடக்கிறது. அங்கு வளரும் அடம்பங்கொடியும் மணலில் வளை தோண்டும் நண்டும் தொன்றுதொட்டே மற்ற கரைகளில் உள்ளவற்றைவிட அதிகமாக ஏற்று வருகின்றன. அவற்றின் கணக்கும் மேற்சொன்ன படிகளிலேயே போடத்தக்கது; ஆனால் தோரியத்தின் வழிவந்த பொருள்கள் ஆல்பாக் கதிரை வீசுவனவாகையால், உடலுக்குள் சேர்ந்ததை விட்டுவிட்டு மணல்மேல் பிடித்த கருவியின் எண்ணை மட்டும் எழுதுவது அங்கு இன்னும் பெரிய பிசகாகும்.

கணக்கைத் திருத்திக் கொண்ட நாடுகள் அதனால் பயனும் அடைந்தன. நார்வேயில் கலைமான்களை அறுப்பதற்கு முன் உயிரோடு நிறுத்தி, தொடையருகே கருவியை வைத்து எண்ணிப் பார்க்கிறார்கள். அதிகமாக இருந்தால் சுத்தமான தீனி கொடுத்துச் சில வாரம் காத்திருக்கிறார்கள். சீஸியத்தைக் குடலிலேயே கட்டிப்போடும் பிரஷ்யன் நீலம் என்ற உப்பை நக்கு கட்டிகளில் கலந்து வைப்பதும் உண்டு. வேல்ஸ் நாட்டு மலை ஆடுகளுக்கு 1986-ல் விதித்த தடையை, ஆடு ஆடாக அளந்து பார்த்தே படிப்படியாகத் தளர்த்தி, 2012-ல் முற்றும் நீக்கினார்கள். பவேரியாவில் மாசு மிகுந்த காடுகளில் சுடப்படும் காட்டுப் பன்றியின் இறைச்சியை விற்குமுன் சோதிக்கிறார்கள். 600 பெக்கெரலுக்கு மேற்பட்டதை அழித்துவிட்டு, வேட்டைக்காரருக்கு ஜெர்மன் சர்க்கார் நஷ்டஈடு கொடுக்கிறது.